ஒன்பது மணிக் கதை

என் ஓரகத்தி வீட்டுக்குப் பெரிய டிவி வந்த அன்று நான் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் பையன் பாண்டியில் ஒரு செல்போன் கடையில் வேலை செய்கிறான். ஆட்டோவில் அட்டைப்பெட்டியை நிற்க வைத்து, அது சாயாமல் இருக்க இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, பொண்ணு அழைத்து வருகிற மாதிரி வந்து இறங்கினான். என் கொழுந்தனும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே தூக்கிப் போனார்கள். போகிற போக்கில், "அக்கா, வந்து பாருக்கா" என்றாள். கையெல்லாம் செதில் என்று சொல்லிவிட்டேன். கழுவினால் போகிற செதில்தான்.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவில் எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர்தான் அவளுக்கும் எனக்கும் இடையில் இருக்கிறது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பையன் டிவியிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. கையில் வைத்திருக்கிற ரிமோட்டில் வாயால் சொன்னால் அது தேடிக் கொடுக்குமாம். என் வீட்டு ரிமோட்டுக்குப் பின்பக்க மூடி கிடையாது. பேட்டரி விழாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பேன்.

அந்த டிவியைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றெரிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் வந்தபோது எனக்கு ஒன்றுமில்லை. வண்டி வந்தபோதும் ஒன்றுமில்லை, அதில் ஏறி இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக்கூடப் போயிருக்கிறேன். இது வேறு. இது என் கையில் இருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மரக்காணம் உப்பளத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் உப்பு கண்ணைக் குத்தும், பாதம் வெந்துபோகும். அதனால் உப்பு சுமக்கிற நாங்கள் கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து, சோற்றைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். அப்படி எழுகிறவள் ராத்திரி எட்டு மணிக்குப் படுத்தால்தான் உடம்பு தாங்கும். ஊரே பேசுகிற சீரியலோ ஒன்பது மணிக்கு வருகிறது. உப்பு சுமக்கிற எங்கள் செட்டில், அந்த டிவி வரும் வரைக்கும், அதைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கடைசி ட்ரிப் முடிந்து வீடு வந்து சேரப் பத்து மணி ஆகிவிடும். அவருக்குச் சோறு போடாமல் படுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. சும்மா உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன், அதனால் டிவி. இப்படி என் தூக்கத்தைக் கொடுத்து வாங்கிய கதையை மறுநாள் காலையில் உப்பளத்துக்கு எடுத்துக்கொண்டு போவேன். பாத்தியிலிருந்து உப்பைக் குவிக்கிற அம்பாரத்துக்குப் போகிற வரப்பு குறுகல். ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத்தான் நடக்க முடியும். நடந்துகொண்டே நான் சொல்வேன். எனக்கு முன்னால் போகிறவளுக்கும் பின்னால் வருகிறவளுக்கும் நன்றாகக் கேட்கும். மற்றவர்களுக்கு வாய் வழியாகப் போகும். வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் மாமியார் இன்னும் கொஞ்சம் கெட்டவளாகியிருப்பாள்.

எனக்கு முன்னால் போகிறவள் என் ஜோடி. உப்பு நிரம்பிய கூடையைத் தானாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. பின்னால் நிற்கிறவள் முன்னால் நிற்கிறவளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். ஒரு நடை நான் அவளுக்குத் தூக்கிவிட்டால், அடுத்த நடை இடம் மாறி அவள் எனக்குத் தூக்கிவிடுவாள். மூச்சு முகத்தில் படுகிற தூரம். நேற்று அவள் வீட்டில் சண்டையா, கருவாட்டுக் குழம்பா என்று கூடை ஏறுவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். ஜோடி மாற்றுவதென்பது எங்கள் செட்டில் சாதாரண விஷயம் இல்லை. மாற்றினால் அன்று சாயங்காலமே தண்ணீர்க் குழாயடியில் அதுதான் பேச்சு.

டிவி வந்த மறு வாரம் அது நடந்தது. முந்தின ராத்திரி சீரியலில் மருமகள் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்திருந்தாள். வயிற்றில் பிள்ளை. நான் அதை அவசரப்படாமல் சொன்னேன். முதல் நடையில் அவளை மாடிக்கு ஏற்றினேன். இரண்டாம் நடையில் மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். மூன்றாம் நடையில் கால் வழுக்கியது. என் ஜோடி கூடையைக் கொட்டிவிட்டு அம்பாரத்துப் பக்கம் நின்று மூக்கைச் சிந்தினாள். வரிசையில் இன்னும் இரண்டு பேர் முந்தானையைக் கண்ணில் ஒற்றினார்கள்.

அதே செட்டில்தான் என் ஓரகத்தியும் உப்பு சுமக்கிறாள். அப்போது பின்னாலிருந்து அவள் சொன்னாள். "அது கனவுக்கா."

"இன்னாது?"

"அவ விழுறது கனவு. இன்னிக்கி ராத்திரி வரும் பாரு, திடுக்குனு எழுந்து உக்காருவா. நான் நேத்து சாயங்காலமே பாத்துட்டேன். என் பையன் ஆப்புல காசு கட்டியிருக்கான், அதுல ஒரு நாள் முன்னாடியே வந்துடுது."

அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாரும் அழுகிறார்களே, ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த என் ஜோடியும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சாவடிக்கிறாளுங்கடி" என்றாள். அந்த நடையில் என் தலையில் இருந்த கூடை அவ்வளவு கனத்தது.

அதற்கடுத்த வாரம் என் ஜோடி என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. ஓரகத்திக்கு முன்னால் போய் நின்றாள். திரும்பிப் பார்த்து, "இன்னிக்கி ஒரு நாள்டி, சீரியல்ல அந்த டாக்டரு ரிப்போர்ட்ல என்னா இருந்துச்சின்னு தெரிஞ்சிக்கிறேன்" என்றாள். மறுநாளும் அங்கேதான் நின்றாள். அதற்கு மறுநாள் எதுவும் சொல்லாமலே போய் நின்றாள். நான் வரிசையின் கடைசிக்குப் போனேன். கடைசியில் நிற்கிறவளுக்கு உப்பு வாரிப் போடுகிற ஆம்பளைதான் தூக்கிவிடுவான். அவன் தூக்கிவிட்டால் கூடை தலையில் சுற்றிய சும்மாட்டில் சரியாக உட்காராது. ஒரு பக்கம் சாயும். கழுத்து வலித்தது. முன்னால் என் ஓரகத்தி குரல் கேட்டுக்கொண்டே போகும், என் ஜோடி "அடிப்பாவி, அப்புறம்?" என்பாள். அந்த "அப்புறம்" என்னுடையது. அத்தனை வருஷமாக என்னிடம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கதை சொல்லவும் என் ஓரகத்திக்குத் தெரியாது. நான் பொறாமையில் சொல்லவில்லை, சரி, பொறாமையில்தான் சொல்கிறேன், ஆனாலும் உண்மை. "அவ வந்தா, இவ திட்டுனா, அவன் போயிட்டான்" என்று ரேஷன் கடையில் சாமான் படிக்கிற மாதிரி சொல்வாள். மூன்று நடைக்கு வர வேண்டிய கதையை அம்பாரத்துக்குப் பாதி தூரம் போவதற்குள் முடித்துவிடுவாள். ஆனால் அவளுடையது நாளைக்கு வரப்போகிற கதை. என்னுடையது நேற்றையது. நேற்றைய மீனை யார் வாங்குவார்கள்?

சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் தெருப் பெண்கள் அவள் வீட்டுக்குப் போவார்கள். என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். "வரலியாடி?" என்று ஒருத்தி கேட்பாள். துணி துவைக்கணும் என்பேன். வீட்டில் துவைக்க ஒரு துணி இருக்காது. சுவர் வழியாக சீரியல் பாட்டு கேட்கும், பிறகு பேச்சு கேட்கும். வார்த்தை மட்டும் புரியாது. சுவரில் காதை வைத்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். யாரோ அழுகிறாள், யாரோ கத்துகிறான், கண்ணாடி உடைகிறது. யார் எதை உடைத்தார்கள் என்று தெரிய நான் மறுநாள் ஒன்பது மணி வரைக்கும் காத்திருக்க வேண்டும். நடுவில் விளம்பரம் வேறு.

ஒருநாள் கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். போயிற்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பார்த்தால் எல்லாரும் அவளுடைய போனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். விட்ட இடத்திலிருந்து அப்படியே ஓடியதாம்.

திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிற என் மகள் லீவுக்கு வந்தபோது வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவள் என் போனில் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். "ஆனா காசு கட்டலன்னா டிவில வந்ததுக்கு அப்புறம்தாம்மா இதுல வரும்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன். அங்கேயும் நான் பின்னால்தான் நிற்க வேண்டுமா? மகள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் காட்டினாள். நாள் வாரியாகப் படம் படமாக இருந்தது. "இதோ பாரு, படத்துக்குக் கீழ செவப்பா கோடு ஓடுது பாரு. எது வரைக்கும் கோடு இருக்குதோ அது வரைக்கும் நீ பாத்துட்டேன்னு அர்த்தம். முழுசா இருந்தா முழுசா பாத்தாச்சி." இதெல்லாம் எனக்கெதுக்கு என்றேன். ஆனால் கேட்டுக்கொண்டேன்.

மாசிக் கடைசியில், உப்பு நன்றாக விளைகிற சமயம், என் ஜோடி திரும்பி வந்தாள். விடிகாலையில் நான் வரிசையின் கடைசியில் நிற்கிறேன், அவள் பாட்டுக்கு வந்து எனக்கு முன்னால் நின்று கூடையைக் காட்டினாள். "தூக்கி வுடுடி."

"ஏன், அங்க ஆள் இல்லியா?"

"மூஞ்ச தூக்கி வச்சிக்காத. நேத்து நான் போவல. கால் வலி, படுத்துட்டேன். என்னா ஆச்சி, சொல்லு."

இன்னும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்கு அந்த வைராக்கியம் கிடையாது. கூடை அவள் தலையில் ஏறுவதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். மறுநாளும் வந்தாள். ஒருநாள் மகள் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது என்பாள், ஒருநாள் மாவு அரைக்கப் போனேன் என்பாள். ஏதோ ஒரு காரணத்தால் அவள் சீரியலைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தாள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கழுத்து வலி போய்விட்டது. குழாயடியில் என் ஓரகத்தியைப் பார்த்தால் நானாகவே சிரித்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் ஜோடி வாய்க்காலில் கால் கழுவ இறங்கியிருந்தாள். அவளுடைய போன் என் தூக்குவாளிக்குப் பக்கத்தில் கிடந்தது. பெரிய முதலியார்சாவடியில் கட்டிக் கொடுத்த மகள் வீட்டில், மருமகன் புதுசு வாங்கியபோது கொடுத்த பழைய போன். அது அடித்தது. "எடுத்துப் பேசுடி" என்றாள். மகள்தான். அம்மா கால் கழுவுகிறாள், அப்புறம் கூப்பிடுவாள் என்று சொல்லி வைத்தேன். வைத்ததும் போனில் ஏற்கெனவே திறந்திருந்தது தெரிந்தது. அந்த ஆப். அந்த சீரியல். நாள் வாரியாகப் படம் படமாக இருந்தது.

எல்லாப் படத்துக்குக் கீழும் சிவப்புக் கோடு முழுசாக ஓடியிருந்தது. கால் வலி என்ற நாள், மாவு அரைக்கப் போன நாள், எல்லாம். நான் அன்று காலையில் அவளுக்குச் சொன்னதும் பார்த்தாச்சு. அன்று ராத்திரி டிவியில் வரப்போவதும் பார்த்தாச்சு. ஓரகத்தி பையன்தான் ஏற்றிக் கொடுத்திருப்பான்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அப்படியென்றால் இத்தனை நாளாக எனக்குப் பாவம் பார்த்திருக்கிறாள். கடைசியில் தனியாக நிற்கிறாளே என்று வந்து நின்று, தெரிந்த கதைக்குத் தெரியாத மாதிரி "அப்புறம், அப்புறம்" என்று பிச்சை போட்டிருக்கிறாள். அவள் என்னை விட்டுப் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை. போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். அவள் வந்து, "இன்னா, ஒரு மாதிரி இருக்கிற?" என்றாள். வெயில் என்றேன்.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு சீரியலில் மருமகளுக்கு வளைகாப்பு. மாமியார் அழுதாள், எல்லாரும் கை தட்டினார்கள், முடிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே வேறு ஒன்றை யோசித்து வைத்தேன். மாட்டட்டும் என்று நினைத்தேன். எங்கே வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு வருகிறாள் என்று பார்த்துவிடுவோம்.

காலையில் கூடையைத் தூக்கிவிட்டுச் சொன்னேன். "வளைகாப்புதான். ரெண்டு கை நிறைய வளையல். மாமியார்காரி சந்தனம் பூச வர்றா. இவ ஒக்காந்த இடத்துலியே எல்லா வளையலையும் ஒண்ணு ஒண்ணா கழட்டுறா."

முன்னால் போன கூடை ஒரு நொடி நின்றது. பிறகு நடந்தது. "அப்புறம்?"

"கழட்டி மாமியார் கையில போட்டு வுடுறா. போட்டுட்டு, 'நீயே பெத்துக்க'ன்னு சொல்லிட்டு எழுந்துட்டா."

அவள் தோள் குலுங்கியது. கூடையிலிருந்து உப்பு வரப்பில் சிந்தியது. "அப்புறம்?"

"பட்டுப் பொடவையோட ஈசிஆர் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நிக்கிறா. கண்டக்டர் எங்க போவணும்னு கேக்குறாரு. கடைசி ஸ்டாப்புன்னு சொல்றா. வயித்த பாத்துட்டு அவரே எழுந்து அவரோட சீட்ட குடுக்குறாரு."

"அப்புறம்?"

அம்பாரம் வந்துவிட்டது. இரண்டு பேரும் கூடையைக் கவிழ்த்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. "என்னாடி அப்புறம்? ஒனக்குத்தான் தெரியுமே. ஒன் போன்ல கோடு முழுசா ஓடியிருக்குது, பாத்தேன். எதுக்கு எங்கிட்ட வந்து நடிக்கிற? ஒன் பாவமெல்லாம் எனக்கு வேணாம்."

அவள் சும்மாட்டை அவிழ்த்து உதறி மறுபடி சுற்றினாள். அவசரமே இல்லை. "பாத்தேன்தான்" என்றாள். "பாத்தா என்னா? அதுல ஒக்காந்து பாத்தா எனக்கு தூக்கம் வருது. நீ சொன்னாத்தான் கால் நடக்குது. பாவமாம், பாவம். கொஞ்ச நாள் அவகிட்ட நடந்து பாத்தேன்ல, பாதி வழியில கதை தீந்துபோச்சி, மீதி வழி கூடை கனக்குது." பிறகு காலிக் கூடையால் என் இடுப்பில் இடித்தாள். "பஸ்ஸுல ஏறுனாளே, டிக்கெட் எடுத்தாளா இல்லியா?"

அன்றிலிருந்து அந்த மருமகள் டிவியிலும் இருந்தாள், எங்களிடமும் இருந்தாள். டிவியில் மாமியார் வீட்டிலேயே அழுதுகொண்டு கிடந்தாள். எங்களிடம் வந்தவள் மரக்காணத்தில் இறங்கி, பஸ் ஸ்டாண்டு ஓரம் இட்லிக் கடை போட்டாள். கண்டக்டர் தினமும் கடைசி ட்ரிப் முடிந்து சாப்பிட வந்தார். என் ஜோடி அந்தக் கண்டக்டருக்கு என் வீட்டுக்காரர் மீசையை வைத்தாள். வரிசையில் வேறு யாருக்கும் சொல்லாதே என்று என்னை மிரட்டியும் வைத்திருந்தாள். ஆனால் நாங்கள் சிரிக்கிற சிரிப்பை எங்கே ஒளிப்பது? துண்டு துண்டாகக் காதில் விழுந்தது வரிசையில் போயிருக்கிறது.

பங்குனி வெயிலில் ஒரு சாயங்காலம் என் ஓரகத்தி வாசலில் வந்து நின்றாள். டிவி வந்ததிலிருந்து அவள் தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டதுதான் உண்டு, அவளே என் வீட்டு வாசலுக்கு வந்தது அன்றுதான். கையில் போன்.

"அக்கா, அந்த இட்லிக்கடக்காரி கதை எந்த ஆப்புல வருதுக்கா? பையன் எல்லாத்துலயும் தேடிட்டான். டிவிகிட்ட வாயால சொல்லியும் பாத்துட்டோம். வரல."

அவள் முகத்தைப் பார்த்தேன். சுவரில் காதை வைத்திருந்தபோது என் முகத்தை யாராவது பார்த்திருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும். வயிறு குளிர்ந்தது என்று சொன்னால் அது குறைவு. உள்ளே வா என்று கூப்பிட்டு, காபி போட்டு, ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். எல்லாம் செய்தேன், அந்தக் கதை எங்கே வருகிறது என்று மட்டும் சொல்லவில்லை.

"நாளைக்கி வர்றதாவது சொல்லுக்கா. அந்த கண்டக்டரு அவள கட்டிக்கிறானா?"

"அது எனக்கே இன்னும் வரலியே" என்றேன்.

அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அன்று ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்டது. அது யாருக்கோ பாடுகிறது என்று விட்டுவிட்டேன். கண்டக்டரை அடுத்த நாள் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே பாயில் சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனேன். என் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கமாக வந்து தானே சோறு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்.